பீரோ சாவி

2016 ஜூன் மாதம் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனேன். பொறுப்பு ஒப்படைத்த அன்று, எனக்கு முன் இருந்தவர் இருப்புப் பதிவேட்டை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் பொருளைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டேன். நாற்காலி, மேசை, உலக உருண்டை, எடை பார்க்கும் கருவி, மணி. கடைசியாக இரும்பு பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. பைக்குள் பழைய துண்டு, துண்டுக்குள் புரொஜெக்டர். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு மடிக்கணினி, பெட்டி பிரிக்காத ஸ்பீக்கர்.

"வந்தது வந்தபடியே வைத்திருக்கிறேன், டீச்சர். நீங்களும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். உடைந்தால் தணிக்கையில் உங்கள் பெயர்தான் வரும்" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார்.

அவர் சோம்பேறி அல்லர். அவரிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரசுப் பள்ளியில் ஒரு பொருள் உடைந்தால் அதைப் பயன்படுத்தியதால் உடைந்தது என்று எழுதப் பதிவேட்டில் தனிக் கட்டம் கிடையாது. இருப்பு இத்தனை, பழுது இத்தனை, அவ்வளவுதான். பழுதானதைக் கழித்துக் கட்டக் கடிதம் எழுத வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். ஓய்வு பெறப்போகும் நேரத்தில் தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபம், ஒன்று நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் தெரியும். பயன்படுத்தாத பொருளுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பயன்படுத்தி உடைந்த பொருளுக்குத்தான் கேட்பார்கள். அந்த பீரோவைப் பூட்டியிருந்தது இந்தக் கணக்குதான்.

நானும் இரண்டு ஆண்டுகள் அப்படியே பூட்டி வைத்திருந்தேன். ஆண்டாய்வு அன்று எடுத்து மேசைமேல் வைப்போம், ஆய்வு முடிந்ததும் துண்டில் சுற்றி உள்ளே வைப்போம். பள்ளியில் தொழில்நுட்பம் இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது உண்மையும் இல்லை.

2018 ஜூனில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன. தமிழ்நாட்டில் பள்ளிப் புத்தகத்தைப் பிள்ளைகள் முகர்ந்து பார்த்த ஆண்டு அது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், பாடத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் சின்னச் சின்ன சதுரங்கள். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி அந்தச் சதுரத்தில் விரலை வைத்து, "டீச்சர், இது எதற்கு?" என்று கேட்டாள். விரைவுக் குறியீடு, போனில் காட்டினால் படம் ஓடும் என்றேன். "எங்கள் வீட்டு போன் பட்டன் போன்" என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். புத்தகத்தின் ஒரு பகுதி அவளுக்கு மட்டும் பூட்டிக் கிடக்கிறது, அதைத் திறக்கும் கருவி பத்தடி தள்ளி என் அறையில் துண்டு போர்த்திக்கொண்டு தூங்குகிறது. அன்று மதியம் பீரோவைத் திறந்தேன்.

முதல் வகுப்பு தோல்விதான். சத்துணவு அமைப்பாளரின் வீட்டிலிருந்து வெள்ளை வேட்டி வாங்கி வந்து சுவரில் கட்டினோம். ஜன்னல்களைச் சாக்கால் மூடினோம். செரிமான மண்டலம் பற்றிய பத்து நிமிடப் படம். எழுபது கண்கள் இமைக்காமல் பார்த்தன. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. மறுநாள் காலை, சோறு வாயிலிருந்து எங்கே போகிறது என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படத்தின் தொடக்கத்தில் வந்த இசையை மட்டும் எல்லாரும் ஒன்றாகப் பாடிக் காட்டினார்கள்.

நான் இடைநிலை ஆசிரியையாக இருந்தபோது செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய முறை அது. பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படிக்கும் அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படி, சுவரைச் சுற்றி முட்டி உயரத்தில் பிள்ளைகளுக்கான கரும்பலகை. இன்று அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அதில் குறைகளும் இருந்தன. ஆனால் ஒன்றை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்தப் பள்ளியில் அட்டைத் தட்டு பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்ததோ, அங்கே அந்த முறை நடந்தது. அட்டை அழுக்கானது, முனை மடங்கியது, சில தொலைந்தும் போயின. தொலைந்துவிடுமே என்று அட்டைகளை அலமாரியில் அடுக்கி வைத்த பள்ளிகளில் ஆசிரியரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அங்கே அது பழைய வகுப்பாகவே இருந்தது, அட்டை மட்டும் கூடுதல். அட்டைக்கு மின்சாரம் தேவையில்லை, இணையம் தேவையில்லை. ஆனாலும் கதை இதே கதைதான்.

பெரு நாட்டின் கதையைப் பின்னாளில் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அந்த நாடு 8 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 2012இல் வெளியான மதிப்பீட்டில், கணக்கிலோ மொழியிலோ பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதாகத் தெரியவில்லை. மலையேறிக் கருவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டி வந்த மறுநாள் காலை அந்தப் பள்ளியின் முதல் பாடவேளையில் என்ன மாறியது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்விக்குத் தலைநகரத்தில் பதில் கிடைக்காது. அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடம்தான் கிடைக்கும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. எங்களைப் போன்ற நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஏறத்தாழ 19 மாதங்கள். கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆண்டே, 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்தது பெரிய உதவி. தொலைக்காட்சி எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. அதற்கு போன் வேண்டும்.

எந்த வீட்டில் போன் இருக்கிறது என்று ஆசிரியர்கள் பட்டியல் எடுத்தார்கள். பாதிக்கு மேல் "இருக்கிறது" என்று வந்தது. நிம்மதியாக வகுப்பைத் தொடங்கினோம், யாரும் வரவில்லை. அப்போதுதான் ஊருக்குள் தெருத் தெருவாக நடந்தேன். போன் இருக்கிறது, அப்பாவின் சட்டைப் பையில். அப்பா நூற்பாலையில், அல்லது கட்டட வேலையில், அல்லது லாரியில். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் புதிதாகக் கோடு போட்டேன். பிள்ளையின் பெயருக்கு நேராக ஒரே ஒரு கட்டம்: "போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?" இரவு 7. இரவு 8.30. ஞாயிறு மட்டும். அண்ணன் வந்தால். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைமையாசிரியையாக நான் எழுதியவற்றில் உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கட்டத்தைப் பார்த்தபின் எல்லாம் மாறியது. காலை வகுப்பை நிறுத்தினோம். காணொளி வேண்டாம், அது டேட்டாவை விழுங்கும் என்று முடிவெடுத்து, மூன்று நிமிடக் குரல் பதிவுகளாக அனுப்பினோம். அதற்கு யாரைக் கேட்பது? எங்கள் பள்ளியிலேயே மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு. புரொஜெக்டர் வயரைத் தொடவே தயங்குவார். பயிற்சிக்குப் போனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இது எனக்கு வராது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் கதை சொன்னால் நான்காம் வகுப்பில் ஊசி விழும் சத்தம் கேட்கும். "டீச்சர், நீங்கள் எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். இந்த மைக் படத்தை அழுத்திக்கொண்டு வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லுங்கள்" என்றேன். முதல் பதிவில் பின்னால் சேவல் கூவியது. மூன்று முறை திரும்பப் பதிந்தார், மூன்றிலும் கூவியது. அப்படியே அனுப்பச் சொன்னேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு மேல் பதில்கள் வரத் தொடங்கின. கதையின் மீதியைக் கேட்டுப் பிள்ளைகளின் குரல்கள், இடையில் ஒரு பாட்டியின் குரல்: "அந்த நரி என்ன ஆச்சு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, டீச்சர்?" அந்த ஆசிரியை என்னிடம் போனைக் காட்டியபோது அவர் கை நடுங்கியது.

தொழில்நுட்பம் வராத ஆசிரியர் என்று நாங்கள் எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தவர் அவர். அவருக்கு வராதது வயரும் பட்டனும்தான். அதைப் பாடம் நடத்தத் தெரியாததாக நான் குழப்பிக்கொண்டிருந்தேன். இன்றும் பயிற்சி வகுப்புகளில் கருவியின் பாகங்களை விளக்கித் தொடங்குகிறார்கள். அந்த ஆசிரியருக்கு எது நன்றாக வரும் என்று கேட்டுத் தொடங்கினால், பின்வரிசையில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.

பள்ளி மீண்டும் திறந்த பிறகு பீரோ சாவியை என் கைப்பையிலிருந்து எடுத்தேன். ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் பொறுப்பு: காலையில் திறப்பது, எந்த வகுப்புக்கு எது வேண்டுமோ கொண்டுபோய் வைப்பது, மாலையில் எண்ணிப் பார்த்துப் பூட்டுவது. ஒவ்வோர் ஆண்டும் சாவி அடுத்த ஏழாம் வகுப்புக்குப் போகும். ஆசிரியர் கூட்டத்தில் எழுத்துமூலம் ஒரு தீர்மானம் போட்டேன்: வகுப்பில் பயன்படுத்தும்போது உடைந்தால் பொறுப்பு தலைமையாசிரியையுடையது, ஆசிரியருடையதோ பிள்ளையுடையதோ அல்ல. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்குப் பிறகுதான் அறிவியல் ஆசிரியர் வந்து, "டீச்சர், நாளைக்கு எனக்கு வேண்டும்" என்று கேட்டார். அதுவரை நான்தான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை மாலை சந்திரயான் 3 நிலவில் இறங்குவதைப் பார்க்க ஊரே பள்ளிக்கு வந்தது. மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு அது தரையைத் தொட்டபோது ஆடு மேய்த்துவிட்டு வந்தவர்கள் கையிலிருந்த கோலைத் தூக்கி ஆடினார்கள். அந்த மகிழ்ச்சி ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இரண்டு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமை.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையில் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அன்று உச்சிப் பொழுதில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் இருக்காது. எங்கள் பக்கம் முதல் நாள் ஏப்ரலில் வரும், அடுத்தது ஆகஸ்டில். கணக்குப்படி மறுநாள் சனிக்கிழமைதான் சரியான நாள். விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமையே செய்துவிடலாம் என்றார் அறிவியல் ஆசிரியர். இரண்டடிக் குழாய் ஒன்றைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். தூக்குக் குண்டு பிடித்துச் செங்குத்தாக்கியது எட்டாம் வகுப்பு மாணவன், கொத்தனார் வீட்டுப் பிள்ளை. பதினொன்றரை மணி தொடங்கி ஒரு மணி வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று டேப்லெட்டில் படம். மொத்தம் 19 படங்கள். நடுவில் மேகம் வந்தபோது மொத்தப் பள்ளியும் வானத்தைத் திட்டியது.

மதியம் அந்தப் படங்களை வேட்டித் திரையில் வரிசையாக ஓட்டினோம். ஒன்றரை மணி நேரம் அரை நிமிடத்தில் ஓடியது. மேற்கே நீண்டிருந்த நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் காலடிக்கு வந்து, பிறகு சட்டென்று கிழக்கே முளைத்தது. "நிழல் தாண்டிவிட்டது!" என்று ஒருவன் கத்தினான். பின்னோக்கி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், நிழல் ரொம்பச் சின்னதாக இருப்பது 12 மணிப் படத்தில் இல்லை. 12.20 படத்தில் இருக்கிறது. கடிகாரம் தப்பா?"

எத்தனை ஆண்டு புவியியல் நடத்தியிருக்கிறேன்! இந்தியத் திட்ட நேரம் 82½ டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை, மிர்சாப்பூர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கி, மறந்துபோவார்கள். அன்று முதல் முறையாக அந்த எண்ணுக்கு ஒரு வேலை வந்தது. நம் கடிகாரம் அந்தக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் 78 டிகிரிக்குப் பக்கத்தில், நாலரை டிகிரி மேற்கே இருக்கிறோம், ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று சொன்னதும் அவளே பெருக்கி "18" என்றாள். மீதி இரண்டு நிமிடம் எங்கே என்று உடனே அடுத்த கேள்வி. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது என்று அறிவியல் ஆசிரியர் தொடங்க, பள்ளி விடும் மணி அடித்துவிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த 12.20 படத்தில் தெற்குப் பக்கம் ஓர் அரிசி அளவுக்கு நிழல் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை அதுவும் இருக்காது என்று பந்தயம் கட்டி, விடுமுறை நாளில் நான்கு பிள்ளைகள் வந்து பார்த்திருக்கிறார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை.

செரிமானப் படம் ஓட்டிய அதே புரொஜெக்டர், அதே வேட்டி. அன்று வேறு யாரோ எடுத்த படத்தைப் பிள்ளைகள் பார்த்தார்கள். இன்று அவர்கள் கேள்விக்காக அவர்களே எடுத்த படம்.

நிர்வாகத்திலும் எனக்குப் பிடிபட்டது இதேதான். வருகைப் பதிவு செயலிக்கு மாறிய பிறகு எந்த மாணவரின் வருகைச் சதவீதத்தையும் நொடியில் எடுத்துவிடலாம். ஆறாம் வகுப்பில் ஒரு மாணவிக்கு ஒரு மாதம் 82 சதவீதம் என்று காட்டியது. 82 யாரையும் பதற வைக்காத எண். அடுத்த மாதமும் ஏறத்தாழ அதேதான். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாள்வாரியான பட்டியலை அச்செடுத்து ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். அவள் வராத நாட்களைச் சிவப்பு மையால் சுழித்தபோது எல்லாச் சுழியும் ஒரே கிழமையில் விழுந்தன: வியாழன். பார்த்த மாத்திரத்தில் எங்கள் ஊர் ஆசிரியை சொன்னார், "அய்யலூர் சந்தை!"

வியாழக்கிழமை அங்கே ஆட்டுச் சந்தை. அவள் அப்பா ஆட்டு வியாபாரி. அதிகாலையிலேயே அம்மாவும் கூடப் போய்விடுவார், வீட்டில் இரண்டு வயதுத் தம்பி. அன்று மாலையே வீட்டுக்குப் போனோம். அங்கன்வாடி திறக்கும் வரை பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுப் பாட்டி ஒப்புக்கொண்டார், ஆனால் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது அக்காதான் என்றார். சரி, வியாழக்கிழமைகளில் அவள் பத்தரைக்கு வரட்டும் என்று முடிவெடுத்தேன். காலை வருகையில் அவள் பெயருக்கு நேரே இன்னும் "வரவில்லை" என்றுதான் இருக்கும். அவளோ வகுப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாள். எது முக்கியம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த விவரம் எல்லாம் மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து மதிப்பீடுகளைப் பதிவேற்றினோம். காலைச் சிற்றுண்டிக்கு ஒரு பதிவு, இன்னொன்றுக்கு இன்னொரு பதிவு. பதிவேற்றியதும் வேலை முடிந்துவிட்டதாக ஆசிரியர் நினைப்பது இயல்பு. அவருடைய நேரம் அதிலேயே கரைந்துவிடுகிறது. எண்ணை அனுப்பும் முன் ஐந்து நிமிடம் நாமே அதைப் படிக்க வேண்டும் என்பது ஒன்று, பாடவேளையில் எந்த ஆசிரியரும் விவரம் பதிய போனைத் திறக்கக் கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எங்கள் பள்ளியில் விதியாக வைத்திருந்தேன். காலை வருகை தவிர மற்றவற்றை நான் வாங்கிப் பதிந்தேன். சில நாட்கள் தாமதமாகும், கேள்வி வரும், பதில் சொல்வேன். வகுப்பறைக்கு முன்னால் நின்று அந்தக் கேள்விகளைத் தடுப்பதற்குத்தானே எனக்கு அந்த நாற்காலியைக் கொடுத்திருக்கிறார்கள்?

கடைசி ஆண்டில் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். இளம் ஆசிரியை ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குகள் கேட்டு வாங்கி வந்தார். அதில் ஒன்று: ஒரு டஜன் மல்லிகைப் பூ 60 ரூபாய் என்றால் ஐந்து டஜன் எவ்வளவு? பிள்ளைகள் வகுப்பு அதிரச் சிரித்தார்கள். மல்லிகையை யாராவது டஜன் கணக்கில் விற்பார்களா? நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குக் கிலோக் கணக்கில் போகும், தெருவில் முழக் கணக்கில் விற்கும். ஆசிரியை முகம் சிறுத்துப்போய் என்னிடம் வந்தார். அந்தக் கணக்கை அடிக்க வேண்டாம், பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் எழுதிய புதிய கணக்கு: ஒரு கிலோ பூ வாங்கித் தொடுத்து முழம் போட்டு விற்றால் லாபம் எவ்வளவு? அதற்கு ஒரு கிலோவில் எத்தனை முழம் வரும் என்று தெரிய வேண்டும். செயலிக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பூக் கட்டும் அம்மா ஒருவரை வகுப்புக்கு அழைத்தோம். வாசலிலேயே நின்றவரை உள்ளே கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்தோம். "நெருக்கிக் கட்டினால் ஒரு கணக்கு, இடைவெளி விட்டுக் கட்டினால் ஒரு கணக்கு. மொட்டு பெருசா சிறுசா என்று பார்க்க வேண்டாமா?" என்றார். ஐந்தாம் வகுப்பு அன்று சராசரி என்றால் என்னவென்று, அந்தச் சொல்லைக் கேட்கும் முன்பே, புரிந்துகொண்டது.

2025 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். மீண்டும் இருப்புப் பதிவேடு, மீண்டும் டிக். இந்த முறை படித்தது நான். புரொஜெக்டரின் மேல்மூடியில் கீறல், ஒரு கால் உடைந்து மரக்கட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு டேப்லெட்டின் மூலையில் விரிசல். ஸ்பீக்கர் ஒன்று பேசுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வகுப்பில், எப்போது என்று எழுதி, தீர்மான நகலையும் இணைத்திருந்தேன். புதிய தலைமையாசிரியர் நிதானமானவர். எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"பீரோ சாவி, டீச்சர்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, ஏழாம் வகுப்பு மாணவி வைத்திருக்கிறாள் என்று சொல்லி, பள்ளிக்குப் பின்தெருவுக்கு ஆள் அனுப்பினேன். கோடை விடுமுறை. அவள் மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துவிட்டுச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

"சார், எட்டாம் வகுப்பு போனாலும் நானும் கொஞ்ச நாள் திறக்கலாமா? புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்."

அவர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பள்ளி திறக்கட்டும் பாப்பா, பார்க்கலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இரண்டு ஆண்டுகள் என் குரலிலும் இருந்த அதே பயம்தான். என் போன் எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.